பயந்த இடத்து மண்

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து இன்று பள்ளி திறந்தது. முதல் நாளே நிது வெளியே நின்றாள். மணி அடித்ததும் இரும்புக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். பிரேயர் முடியும்வரை தாமதமாக வந்த பிள்ளைகள் தெருவில் நிற்க வேண்டும். அப்புறம் உள்ளே விட்டு, மைதானத்தை ஒரு சுற்று ஓடி வரச் சொல்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை, முதுகில் பையோடு ஓடினாள். சின்னவன் ருத்ரன் எல்.கே.ஜி. என்பதால் ஆயா தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் கம்பிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி தூரமும் இல்லை. எங்கள் தெரு முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கு அந்தப் பக்கம் பள்ளியின் பின்சுவர். மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது பிரேயர் பாட்டு கேட்கும். மற்ற மாதங்களில் எல்லோரும் நேரே தாண்டிப் போய்விடுவோம். தை பிறந்தால்தான் தொல்லை. அறுவடை நெல்லை ஏற்றிப் போகிற கூட்ஸ் வந்து, தெருவை மறித்துக்கொண்டு பகல் முழுக்க நிற்கும். அப்போது ரயில்வே கேட் வழியாகச் சுற்ற வேண்டும். ஊரையே ஒரு பிரதட்சிணம் செய்கிற மாதிரி. அங்கே போனால் கேட் மூடியிருக்கும்.

நாளையிலிருந்து சீக்கிரம் எழ வேண்டும். அதற்குச் சீக்கிரம் படுக்க வேண்டும். பாத்திரம் தேய்த்து, மாவைக் கரைத்து வைத்து, யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுவிட்டு உட்காரும்போது தெருவில் நாய்கூடக் குரைப்பதில்லை. எழுதுவதற்கு எனக்குக் கிடைக்கிற நேரம் இதுதான்.

ஜனவரி 20, செவ்வாய்

பக்கத்து வீட்டு செல்வமணி அக்கா இன்று எங்களை வழியில் பிடித்துக்கொண்டார். வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறவர். கணவர் லாரி ஓட்டுகிறார். ஒரே பெண், வெண்பா, ஒன்றாம் வகுப்பு. நாங்கள் கேட் பக்கம் திரும்பியதைப் பார்த்துவிட்டு, கேட்டில் எங்களுக்கு ஏதாவது விருந்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"எம் பின்னாலயே வா. ரெண்டு பொட்டிக்கு நடுவுல கொக்கி இருக்கு பாரு, அதுக்குக் கீழ குனிஞ்சு அந்தாண்ட போயிடலாம். பொட்டிக் கதவெல்லாம் தொறந்திருக்குல்ல? மூட்டை ஏத்துறாங்கன்னு அர்த்தம். கதவு தொறந்திருந்தா வண்டி நகராது. கதவ மூடிட்டாங்கன்னா கிட்டக்கயே போவக் கூடாது. அவ்ளோதாண்டி கணக்கு. நீதான் கணக்குல பட்டம் வாங்குனவளாச்சே."

எங்கள் தெருவிலிருந்து போகிற எல்லாத் தாய்மார்களும் இந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். இன்று வரைக்கும் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லையாம். வெண்பா பூனைக்குட்டி மாதிரி உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போய் நின்று, நிதுவைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். கேட் வழியாகவே போனோம். நிது மறுபடியும் ஓடினாள். திரும்பி வரும்போது அவள் காலையில் சாப்பிட்ட இட்லி அந்த மைதானத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 22, வியாழன்

இன்று கேட் வழியாகத்தான் போனோம். மணி அடிக்குமுன்பே போய்விட்டோம்.

நிதுவின் சட்டையில் தோள்பட்டையில் கறுப்பாக மசி. தேங்காய் எண்ணெய் தடவி ஊற வைத்தேன். பிறகு பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டுத் தேய்த்தேன். பாதிதான் போனது. ருத்ரன் தலையில் உமி.

ஜனவரி 23, வெள்ளி

இன்றும் கேட் வழிதான். சீக்கிரம் போய்விட்டோம். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

ஓசூரிலிருந்து அவர் பேசினார். கம்பெனியில் ஷிப்ட் மாற்றியிருக்கிறார்கள், இந்த மாதம் வர முடியாது என்றார். பிள்ளைகளோடு பேசினார். ருத்ரன் போனை வாங்கி, "நாங்க கூஸ் வண்டிக்குள்ள போறோமே" என்றான். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"என்ன சொல்றான்?"

"வெளையாட்டுங்க. நாற்காலிய வரிசையா போட்டு ரயில் வெளையாடுறான்."

"கேட்டு வழியாத்தானே கூட்டிட்டுப் போற?"

"பின்ன?"

அவருக்குத் தூக்கம் கெடக் கூடாது. மெஷினில் வேலை செய்கிறவர்.

முந்தின பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். யார் படிக்கப்போகிறார்கள் என்று இங்கேயும் கேட் வழி என்று எழுதி வைத்திருக்கிறேன்? எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும். கதவெல்லாம் திறந்துதான் இருந்தது. ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் குனிகிறேன்.

ஜனவரி 28, புதன்

தை முகூர்த்தம் நெருங்குவதால் செல்வமணி அக்காவுக்குக் கல்யாண ப்ளவுஸ் குவிந்து கிடக்கிறது. ஒரு வாரம் அவர், ஒரு வாரம் நான் என்று மூன்று பிள்ளைகளையும் முறை வைத்துக் கூட்டிப்போகலாம் என்றார். ஒருத்தி போனால் ஒருத்திக்குக் காலை நேரம் மிச்சம். இந்த வாரம் அவர் முறை.

இன்று காலை அவர்கள் போனதும் நான் மறுபடி படுத்தேன். தூக்கம் வரவில்லை. மாடிக்குப் போய் நின்றேன். வண்டிக்கு மேலே புறாக் கூட்டம் சுற்றியது. பெட்டிகளுக்கு அடியில் சிந்திக் கிடக்கிற நெல்லுக்கு வருகிறவை. பிரேயர் பாட்டு தொடங்கிய பிறகுதான் இறங்கி வந்தேன். அக்கா அதற்கு முன்பே திரும்பி வந்து மெஷினில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

பிப்ரவரி 2, திங்கள்

இன்றிலிருந்து என் முறை. வெண்பாவை என் கையில் பிடித்துக் கொடுக்கும்போது அக்கா, "அத்தை கைய விடாம போவணும், என்ன?" என்றார். அவள் தலையாட்டினாள். இறுக்கிப் பிடிக்கிற பிள்ளை. விரல் வலிக்கும்.

மூன்று பிள்ளைகளைக் கூட்டிப்போவதற்கு ஒரு முறை கண்டுபிடித்துவிட்டேன். நிது முன்னால். ருத்ரன் என் இடுப்பில். வெண்பா என் வலது கையில். நிது அந்தப் பக்கம் போனதும் நாங்கள்.

பிப்ரவரி 4, புதன்

ஒன்று எழுதி வைக்க வேண்டும். காலையில் நிது வழியில் கிடந்த சுண்ணாம்புத் துண்டால் ஒரு பெட்டியின் ஓரத்தில் பூ வரைந்தாள். நேரமாகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு போனேன். பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பும்போது பூ எங்கள் பாதைக்கு நேரே இல்லை. தேடினேன். பல பெட்டி தள்ளி, டீக்கடைக்கு எதிரே இருந்தது. கதவுகள் எல்லாம் காலையில் இருந்த மாதிரியே திறந்தே கிடந்தன.

நான்தான் இடத்தைத் தப்பாக ஞாபகம் வைத்திருப்பேன். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதானே இருக்கிறது.

அக்காவிடம் சொல்லலாம் என்று போனேன். வாயில் குண்டூசி வைத்துக்கொண்டு யாருக்கோ அளவெடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். நாளை கேட் வழியாகப் போய்விட்டால் போகிறது.

பிப்ரவரி 5, வியாழன்

பள்ளிக்குக் கொஞ்சம் தாமதம். மற்றபடி ஒன்றுமில்லை. துணி துவைத்தேன். மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

வெண்பாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கு வரவில்லை. இந்தப் பருவத்தில் ஊரெங்கும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல்தான். எதிர்வீட்டுப் பையனுக்கும் இருக்கிறதாம்.

என் இரண்டையும் விடியும்போதே எழுப்பிக் கேட் வழியாகக் கூட்டிப்போனேன். உண்மையாகவே கேட் வழியாக. நிது வழியெல்லாம் என் கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 7, சனி

ருத்ரன் சமையலறையில் டம்ளர்களை எல்லாம் ஒன்றை ஒன்று தொட வரிசையாக அடுக்கி, கடைசி டம்ளரை ஒரு தள்ளு தள்ளினான். டங் டங் டங் என்று சத்தம் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு ஓடி வந்தது. மறுபடி அடுக்கினான். நான் எல்லாவற்றையும் எடுத்து மேல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். தண்ணீர் குடிக்கச் சொம்பு இருக்கிறது.

மத்தியானம் செல்வமணி அக்கா வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். டாக்டர் மருந்து கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லையாம். வாயே திறக்க மாட்டேன் என்கிறாளாம். கண்ணை மூடினால் தூக்கிப்போடுகிறதாம்.

"இது சாதாக் காய்ச்சல் இல்லடி. புள்ள எங்கயோ பயந்துருக்கா. பயந்த எடம் எதுன்னு தெரிஞ்சா அந்த எடத்து மண்ண எடுத்தாந்து சுத்திப் போட்டுடலாம். அவகிட்டக் கேட்டா மூஞ்சத் திருப்பிக்கிறா. வியாழக்கெழம நீதான கூட்டிட்டுப் போன, எதையாச்சும் பாத்து மெரண்டாளா?"

மாவு சலித்துக்கொண்டிருந்தேன். சல்லடையை நிறுத்தாமல், பள்ளி முனையில் ஒரு நாய் குரைத்தது என்று சொன்னேன். பெரிய நாய். கறுப்பு.

"அங்கதானா" என்றார். அவர் முகம் தெளிந்துவிட்டது. எழுந்து போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பள்ளி முனை மண்ணை அக்கா ஒரு காகிதத்தில் எடுத்து வந்தார். பொழுது சாயும் நேரத்தில், மண்ணோடு உப்பும் மிளகாயும் சேர்த்து வெண்பாவை மூன்று சுற்று சுற்றினார். என்னையும் கூப்பிட்டிருந்தார். கூட மனுஷர் இருந்தால் பிள்ளைக்குத் தைரியம் என்றார். மூன்று முறை துப்பச் சொன்னார். வெண்பா துப்பவில்லை. அம்மாவின் கையில் இருந்த மண்ணைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். கோபமோ அழுகையோ இல்லை. தெரிந்த ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குச் சோறு போட்டேன். நிது கேட்டாள்.

"வெண்பாவ விட்டுட்டு வந்தத ஏம்மா யாருகிட்டயும் சொல்லக் கூடாது?"

ரசம் ஊற்றினேன். அவளே, "அம்மாவுக்கு ரெண்டு கைதானே இருக்கு" என்று தம்பிக்குச் சொன்னாள்.

அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை கேட் வழியாகப் போகலாம் என்றுதான் கிளம்பினேன். நேரமாகிவிட்டது. வண்டி நின்றுகொண்டிருந்தது, கதவுகள் திறந்திருந்தன. மூட்டை தூக்குகிறவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. டீ குடிக்கப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். நிது முன்னால் குனிந்து போனாள். கொக்கிக்குப் பக்கத்தில் தொங்குகிற ரப்பர் குழாயில் அவள் பையின் வார் மாட்டிக்கொண்டது. "அம்மா, வரல" என்றாள். ருத்ரனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வெண்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் உள்ளே போனேன். நாங்கள் நால்வரும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் இருந்தோம்.

அப்போது புறாக்கள் எல்லாம் ஒன்றாக எழும்பின. எங்கோ தூரத்தில் ஒரு சத்தம். பெட்டி பெட்டியாக அந்தச் சத்தம் எங்களை நோக்கி ஓடி வந்தது. அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது வந்து சேருவதற்குள் ஒரு மூச்சு விடுகிற நேரம் இருந்தது.

வெண்பாவின் கையை விட்டேன். அவள் விடவில்லை. உதறினேன். அந்தக் கையால் நிதுவின் பை வாரைப் பிடுங்கி அவளை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஜல்லியில் விழுந்தேன். வண்டி நகர்ந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சக்கரம் மட்டும் கேட்டது. நின்ற பிறகும் திறக்கவில்லை. ருத்ரன்தான், "வெண்பா படுத்திருக்கா" என்றான். பெட்டிக்கு அடியில், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் குப்புறப் படுத்திருந்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு. படுக்கச் சொல்லி அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கூப்பிட்டேன், வரவில்லை. ஊர்ந்து போய்க் காலைப் பிடித்து இழுத்தேன். ஒரு ஷூ கழன்று உள்ளேயே கிடந்தது, அதையும் எடுத்தேன்.

ஒரு கீறல் இல்லை. பள்ளிக் குழாயில் முகம் கழுவிவிட்டேன். தலை வாரிவிட்டேன். எதிர்க் கடையில் மூன்று பேருக்கும் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். வெண்பாவிடம், "அம்மாகிட்டச் சொல்லாத, அம்மா பயந்துருவாங்க" என்றேன். மிட்டாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பிப்ரவரி 9, திங்கள்

இந்த வாரம் அக்காவின் முறை. வெண்பா படுத்திருந்தாலும், "என் முறை என் முறைதான், புள்ளைங்கள அனுப்பு" என்று வாசலில் வந்து நின்றார். வீட்டில் அவருடைய அம்மா வந்திருக்கிறாராம், வெண்பாவைப் பார்த்துக்கொள்வாராம். எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். கதவு திறந்திருக்கிறதா என்று பார்ப்பார், குனிவார்.

ருத்ரனுக்குச் சளி, நிதுவுக்கும் ஒட்டிக்கொண்டது என்றேன். இரண்டும் உள்ளே ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. அக்கா எட்டிப் பார்த்தார். கற்பூரவல்லி கொண்டுவந்து கொடுத்தார்.

இன்றைக்கு அனுப்பவில்லை. நாளைக்கும் சொல்லலாம். எத்தனை நாளைக்குச் சளி இருக்கும்?

வெண்பா ராத்திரியெல்லாம் பிதற்றுகிறாளாம். என்ன பிதற்றினாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். மண்ணைச் சுற்றிப் போட்டால் காய்ச்சல் போகும் என்று நம்புகிறவள் இல்லை. ஆனாலும் தப்பான இடத்து மண்ணை எடுத்துவிட்டார்களே, அதனால்தான் இறங்கவில்லையோ என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனம் ஒரே இடத்தில் சுற்றுகிறது.

மத்தியானம் பிள்ளைகளை டிவி முன்னால் உட்காரவைத்து, வெளியே பூட்டிக்கொண்டு போனேன். வேறு ஒரு வண்டி நின்றது. டீக்கடை மரத்தடியில் நின்று வெகுநேரம் பார்த்தேன். மூட்டை ஏற்றுகிற மேடை வண்டியின் பாதி நீளத்துக்குத்தான் இருக்கிறது. பாதிப் பெட்டிகள் நிரம்பியதும், மீதிப் பெட்டிகளை மேடைக்கு நேராகக் கொண்டுவர அந்த முனையில் இன்ஜினை மாட்டித் தள்ளுகிறார்கள். பிறகு மறுபடி ஏற்றுகிறார்கள். நடுவில் யாரும் கதவை மூடுவதில்லை. எதற்கு மூட வேண்டும்? பெட்டிக் கதவு நெல் மூட்டைக்காக. எங்களுக்காக யாரும் வைத்ததில்லை. இத்தனை வருஷமாக எங்கள் தெருப் பெண்கள் அதைப் பார்த்துக் குனிந்திருக்கிறோம்.

வண்டி தள்ளி நின்று, ஆட்கள் மூட்டையோடு வந்த பிறகு உள்ளே போனேன். அந்த இடம் எனக்குத் தெரிந்தது. ஒரு பிடி அள்ளிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

பொழுது சாய அக்கா வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை நல்ல நாள், இன்னொரு தடவை சுற்றிப் போடுங்கள், மண் நானே கொண்டு வந்திருக்கிறேன் என்றேன். "ஒனக்கு எதுக்குடி செரமம்" என்று முடிச்சை வாங்கி அவிழ்த்தார். மண் என்று சொல்ல அதில் அதிகமில்லை. கறுத்த ஜல்லித் தூள், எண்ணெய்ப் பிசுக்கு, நாலைந்து நெல், உமி.

அக்கா விரலால் கிளறிப் பார்த்தார். ஒரு நெல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"பள்ளிக்கூட முனையில இந்த மண்ணு கெடையாதே."

"இல்லக்கா."

"எங்க எடுத்த?"

"கொக்கிக்குக் கீழ."

"எம் பொண்ணு அங்கயா பயந்தா?"

"ஆமாக்கா. வண்டி நகந்துடுச்சு."

"இவ எங்க இருந்தா?"

"உள்ள."

"நீ?"

"அந்தாண்ட."

"ஒம் புள்ளைங்க?"

நான் சொன்னேன், என்கூட என்று.

அக்கா எழுந்தார். கைக்குட்டையைத் தரையில் விரித்தபடியே வைத்துவிட்டு, உப்பும் மிளகாயும் எடுத்து வந்தார். வெண்பாவை எழுப்பி உட்காரவைத்தார். மண்ணைக் கண்டதும் அவள் பின்னால் நகர்ந்து சுவரில் ஒட்டிக்கொண்டாள். அப்புறம் மூன்று சுற்று முடிவதற்குள்ளாகவே, யாரும் சொல்லாமல் அதன் மேல் துப்பினாள். மூன்று முறைக்கு மேல். எச்சில் வற்றும்வரை துப்பினாள். அக்கா அவளை நிறுத்தவில்லை.

மண்ணை எடுத்துக்கொண்டு முச்சந்திக்குப் போனார். நான் அங்கேயே நின்றேன். திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டு, என்னைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கத்துவார் என்று நினைத்தேன். தெருவைக் கூட்டுவார் என்று நினைத்தேன். தையல் மெஷின் சத்தம்தான் கேட்டது. விடாமல், ஒரே வேகத்தில், நான் சமைத்து முடிக்கும்வரைக்கும் ஓடியது.

ஓசூருக்குப் போன் செய்தேன். எடுத்ததும், சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நேற்று முழுவதும் பக்கத்து வீட்டுக் கதவு திறக்கவில்லை. இன்று காலை எங்கள் கதவைத் தட்டியது செல்வமணி அக்கா. பக்கத்தில் யூனிஃபார்மோடு வெண்பா. முகம் வெளுத்திருந்தது. நேற்றிலிருந்து காய்ச்சல் இல்லையாம். அதை என்னிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மா தெருவிலிருந்து கேட்டதற்குச் சொன்னார்.

"புள்ளைங்க கெளம்பியாச்சா?"

சளி என்று ஆரம்பித்தேன்.

"சளியெல்லாம் ஒண்ணுமில்ல. கெளப்பு. எம் மொற இது."

நிதுவுக்குப் பின்னல் போடக் கை வரவில்லை. ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டேன். இரண்டு பேரையும் வாசலுக்குக் கூட்டி வந்தேன். அக்கா இந்தக் கையில் நிதுவையும் அந்தக் கையில் ருத்ரனையும் பிடித்தார். தன் பெண்ணை என் வாசற்படியிலேயே விட்டார்.

"வெண்பாவ நீ கூட்டிட்டு வா" என்றார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

தெரு முனையில் நேரே போனால் தண்டவாளம், இடப்பக்கம் திரும்பினால் கேட். கூட்ஸ் நின்றிருந்தது. கதவுகள் எல்லாம் விரியத் திறந்திருந்தன. அக்கா என் பிள்ளைகளோடு முனையில் நின்றார். ஓடிப் போய்ப் பிடுங்கிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. எந்த முகத்தோடு ஓடுவது? ருத்ரன் மட்டும் ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தான். அக்கா எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. பிறகு இடப்பக்கம் திரும்பினார்.

நான் வெண்பாவிடம் கையை நீட்டினேன். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. என் புடவைத் தலைப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள், தானே விட்டுவிடக்கூடிய மாதிரி. அப்படியே பின்னால் நடந்தோம். அக்காவுக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த தூரம் கடைசிவரை குறையவில்லை. நான் வேகமாக நடந்தால் அவரும் வேகமாக நடந்தார்.

கேட் மூடியிருந்தது. பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி அடித்து, கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே பிரேயர் நடந்துகொண்டிருந்தது. மூன்று பிள்ளைகளும் நாங்கள் இரண்டு பேரும் தெருவிலேயே நின்றோம். வெண்பா தலைப்பை விட்டுவிட்டுச் சுவரோரம் தனியாகப் போய் நின்றாள். நிது, "வலிக்குது அத்தை" என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. செல்வமணி அக்கா கதவின் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிரேயர் முடிந்து ஆயா வந்து திறக்கும்வரை என் பிள்ளைகள் இரண்டு பேர் கையையும் அவர் விடவில்லை.